பட்டத்துக்கும் பணிக்கும் இடையே



மகளிர், சிறுமியர் ஆகியோரின் தொழில் வளர்ச்சியும் தனிமனித மேம்பாடும் என்ற தலைப்பு எனக்குத் தரப்பட்டிருக்கிறது. இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் பெண்களை நோக்கியே பேசுவது வழக்கம். தன்னம்பிக்கை கொள்ளுங்கள், உயர்ந்த இலக்கை வகுத்துக்கொள்ளுங்கள், தயக்கத்தை விட்டொழியுங்கள் என்று அறிவுரை கூறுவர். அறிவுரையில் பிழை ஒன்றுமில்லை. ஆயினும், புள்ளிவிவரங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, நமது பெண்களிடம் ஆர்வக் குறைவு எங்கே இருக்கிறது என்பது விளங்கவில்லை. ஆகவே அறிவுரையை விடுத்து, பள்ளி இறுதித் தேர்வில் தேறிய ஒரு பெண், தன் பெயரில் சம்பளம் வாங்கும் நாள் வரையில் கடக்க வேண்டிய வழியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவ்வழியிலுள்ள தடைகளுள் சில குடும்பத்தாலும் ஊராலும் ஏற்பட்டவை. வேறு சில, அரசாங்க விதிகளாலும் திட்டங்களின் அமைப்பாலும் ஏற்பட்டவை. பின்னவற்றை அலுவலர்களாகிய நீங்கள் கவனிக்கலாம்.

முதலில் சில எண்கள். 1951ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி, நமது பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு 9 பேர் கூட இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ 65 ஆக உயர்ந்தது. உயர்கல்வியில் நிகழ்ந்த மாற்றம் இதனினும் வியப்புக்குரியது. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயின்ற 4.33 கோடி மாணவர்களுள் 2.07 கோடிப் பேர் பெண்கள். உயர்கல்விச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. கல்லூரி வாசல் வரை வந்து சேர்வதில் பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கியிருக்கவில்லை.

இனி மற்றொரு கோட்டைப் பாருங்கள். பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலை செய்வோரும் வேலை தேடுவோரும் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை உழைப்பாளர் பங்கேற்பு விகிதம் என்கிறோம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி 2004-05ல் இது ஏறத்தாழ 43 ஆக இருந்தது. 2011-12ல் 31 ஆயிற்று. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தொடங்கிய 2017-18ல் 23.3க்கு இறங்கிற்று. படிப்பு ஏறிய அதே ஆண்டுகளில் பங்கேற்பு இறங்கியது. இதன் பின்னர் நிலைமை திரும்பி, 2023-24ல் 41.7 என்ற அளவை எட்டியது.

இந்த ஏற்றத்தைக் கண்டு மகிழலாம். ஆனால் அதன் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். 2017-18ல் வேலையிலிருந்த பெண்களில் சுயதொழில் செய்வோர் ஏறத்தாழ 52 சதவிகிதம். 2023-24ல் 67 சதவிகிதம். இவர்களுள் பெரும்பகுதியினர் குடும்ப நிலத்திலோ குடும்பக் கடையிலோ ஊதியமின்றி உதவுகிறவர்கள். வேலையிலிருந்த பெண்கள் அனைவரிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இத்தகையோர். மாதச் சம்பளம் போன்ற முறையான ஊதியம் பெறுவோரின் பங்கோ 21 சதவிகிதத்திலிருந்து 16 அளவுக்குக் குறைந்தது. எருமைக்குத் தீனி வைப்பதும் வேலைதான். அது கணக்கில் சேர்வது நியாயமே. எனினும், பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பெண் எதிர்பார்த்திருந்த வேலை அதுவா என்ற கேள்வி நிற்கிறது. மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பங்கேற்பு விகிதம் என்ற ஒற்றை எண்ணை மட்டும் தேர்வுத்தாளில் எழுதிவிட்டு வராதீர்கள். எவ்வகை வேலை, யார் கையில் ஊதியம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பங்கேற்பு ஏன் இறங்கியது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பதினைந்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்கள் வயலுக்குப் போவதை விட்டுப் பள்ளிக்குப் போனார்கள். இது நல்ல இறக்கம். நடவிலும் அறுவடையிலும் இயந்திரம் புகுந்தது. ஆண்களின் வருமானம் சற்று உயர்ந்தவுடன், பெண் கூலி வேலைக்குப் போவது குடும்ப மதிப்புக்குக் குறைவு என்ற எண்ணம் தலைதூக்கியது. 2023ஆம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்க நாட்டின் இருநூறு ஆண்டு விவரங்களைக் கொண்டு, பொருளாதாரம் வளரும்போது பெண்களின் பங்கேற்பு முதலில் இறங்கிப் பின்னர் ஏறும் என்று காட்டினார். பள்ளத்தாக்குப் போன்ற இந்த வளைகோட்டை நம்மவர்கள் ஓர் ஆறுதலாக எடுத்துக்கொள்வதுண்டு. காலம் வந்தால் தானே ஏறும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோட்டின் மறுபக்கம் தானாக ஏறியதில்லை. படித்த பெண்களை ஏற்கும் அலுவலக வேலைகள் பெருகியதும், மணமான பெண்களை விலக்கிவைத்த விதிகள் நீங்கியதும் சேர்ந்தே அதை ஏற்றின.

நம் நாட்டுப் பெண் பள்ளத்தாக்கின் அடியில் எவ்வளவு காலம் நிற்கிறாள் என்பது மூன்று பொருள்களைப் பொறுத்தது என்று கருதுகிறேன். தூரம், நேரம், விதி. தூரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

துர்காபாய் தேஷ்முக் அம்மையாரை அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், 1953ல் அமைந்த மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவராகவும் நீங்கள் அறிவீர்கள். ராஜமுந்திரியில் பிறந்த அவர், எட்டு வயதில் மணம் முடிக்கப்பட்டு, வளர்ந்தபின் அம்மண வாழ்வை ஏற்க மறுத்தவர். சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்று மீண்ட பிறகே முறையான படிப்பைத் தொடங்கினார். காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர விரும்பியபோது, பெண்களுக்கு விடுதி இல்லை என்ற காரணம் கூறப்பட்டது. அவர் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கொடுத்தார்: விடுதி இல்லாத காரணத்தால் படிக்க முடியாத பெண்கள் தம்மைத் தொடர்புகொள்ளலாம் என்று. சிலர் எழுதினர். அவர்களைச் சேர்த்துக்கொண்டு, தங்குவதற்கு ஓர் இடம் பிடித்து, விடுதி ஒன்றைத் தாமே தொடங்கிவிட்டார். அப்புறம் இடம் மறுக்கக் காரணமில்லை. அவர் 1937ல் சென்னையில் தொடங்கிய ஆந்திர மகிளா சபை, படிப்பு தடைப்பட்ட பெண்களை அதே காசித் தேர்வுக்குத் தயார்செய்தது.

இந்த அனுபவமே பின்னர் அரசுத் திட்டமாக வடிவெடுத்தது. சமூகநல வாரியம் 1958ல் பெண்களுக்கான சுருக்கமுறைப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. இடையில் படிப்பை நிறுத்திய வயதுவந்த பெண்களை இரண்டு ஆண்டுகளில் தேர்வுக்குத் தயார்செய்து, ஆசிரியை, செவிலி, கிராம சேவிகை போன்ற பணிகளுக்கு அனுப்புவது அதன் நோக்கம். அன்று கிராமங்களுக்குப் பெண் ஊழியர் கிடைக்காமல் ஐந்தாண்டுத் திட்டங்கள் திண்டாடின. வெளியூரிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து வைப்பதைவிட, உள்ளூர்ப் பெண்ணைப் படிக்கவைப்பது எளிது என்பதைக் கண்டு செய்த ஏற்பாடு இது. தேவைப்படும் பணி எது என்பதை முதலில் கண்டு, அதற்கேற்பப் படிப்பை அமைத்தார்கள். இன்றைய பயிற்சித் திட்டங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

தூரத்தைக் குறைக்கும் முயற்சிகளில் அண்மைக் காலத்தில் மிக நன்றாக ஆராயப்பட்டது பீகார் மாநிலத்தின் மிதிவண்டித் திட்டம். 2006ல் அம்மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த ஒவ்வொரு மாணவிக்கும் மிதிவண்டி வாங்க 2,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. கிராமத்தில் எட்டாம் வகுப்பு வரை உண்டு. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில். மூன்று கிலோமீட்டர் என்பது பையனுக்கு ஒரு தூரமே அல்ல. பெண்ணுக்கோ, அதுவே படிப்பின் எல்லை. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள், பீகாரின் விவரங்களைப் பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டின் விவரங்களோடும், மாணவிகளின் நிலையை மாணவர்களின் நிலையோடும் ஒப்பிட்டனர். உயர்நிலைப் பள்ளியில் பெண்களின் சேர்க்கை 32 சதவிகிதம் உயர்ந்ததாகவும், ஆண் பெண் இடைவெளி 40 சதவிகிதம் குறைந்ததாகவும் கண்டனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களிலேயே பலன் மிகுதி. இதிலிருந்து, மாணவிகள் பணத்துக்காக மட்டும் பள்ளியில் சேரவில்லை, மிதிவண்டியில் ஏறியே சென்றார்கள் என்பது தெளிவு. கூட்டமாகச் செல்லும் மாணவிகளைத் தெருவில் தினமும் கண்ட ஊர், அக்காட்சிக்குப் பழகிப்போனதும் ஒரு பலன்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை அறிவோம்.

ஆனால் மிதிவண்டி உயர்நிலைப் பள்ளி வரையில்தான் கொண்டுவிடும். கல்லூரியும் தொழிற்சாலையும் முப்பது, நாற்பது கிலோமீட்டரில் இருக்கின்றன. டெல்லிப் பல்கலைக்கழக மாணவ மாணவியரைப் பற்றிக் கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. நல்ல மதிப்பெண் பெற்ற மாணவிகள், தமக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த கல்லூரியை விட்டு, போகும் வழி பாதுகாப்பாகத் தோன்றிய தரம் குறைந்த கல்லூரியைத் தேர்ந்தெடுத்தனர். மாணவர்களிடம் இப்போக்கு மிகக் குறைவு. இந்தத் தேர்வை அந்தப் பெண் பதினேழு வயதில் செய்கிறாள். அதன் விலையைப் பணிக்காலம் முழுவதும் சம்பளத்தில் செலுத்துகிறாள். எந்தக் கணக்கெடுப்பிலும் இது வன்கொடுமை என்று பதிவாவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு விளக்கு எரிவதையும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் கல்வித்துறைக்குச் சம்பந்தமில்லாதவை என்று கோப்பில் எழுதுவோர் இதைப் படிக்க வேண்டும். டெல்லியில் 2019லும், தமிழ்நாட்டில் 2021லும், கர்நாடகத்திலும் தெலங்கானாவிலும் 2023லும் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் தொடங்கப்பட்டது. இதை வெறும் சலுகை என்று குறைகூறுவோர் உண்டு. வேலையின் சம்பளத்திலிருந்து பயணச் செலவைக் கழித்துப் பார்த்துவிட்டு வீட்டிலேயே இருந்துவிடும் பெண்ணுக்கு அக்கட்டணமே தீர்மானிக்கும் தொகை. பேருந்துகளின் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே இங்கு என் கவலை.

பணிபுரியும் மகளிர் விடுதித் திட்டம் 1972-73 முதலே உண்டு. பெண் பணிபுரியும் ஊருக்கும் பிறந்த ஊருக்கும் இடையில் விடுதி ஒன்றே பாலம் என்பதை அன்றே உணர்ந்திருக்கிறார்கள். நகரங்கள் வளர்ந்த வேகத்துக்கு அவ்விடுதிகள் வளரவில்லை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தூரம் என்பது கிலோமீட்டர் மட்டுமல்ல. ஊரில் யாருமே பார்த்திராத வேலை, எவ்வளவு அருகிலிருந்தாலும் தொலைவில்தான் இருக்கும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலறிஞர் 2012ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்கள் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, தொலைபேசிச் சேவை மையங்களுக்கு ஆள் எடுக்கும் முகவர்களை மூன்று ஆண்டுகள் அங்கு அனுப்பினார். என்ன வேலை, என்ன படிப்பு வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது என்று அவர்கள் சொன்னார்கள், அவ்வளவே. அந்த ஊர்களில் இளம்பெண்கள் வேலைக்குச் செல்வது கூடியது, கணினிப் பயிற்சியில் சேர்வது கூடியது, திருமணம் தள்ளிப்போனது. இன்னும் வேலைக்குப் போகும் வயதை எட்டாத சிறுமிகளைப் பெற்றோர் கூடுதலாகப் பள்ளிக்கு அனுப்பினர். அவர்களின் உடல் எடையும் தேறிற்று. நாளை சம்பாதிக்கக்கூடியவள் என்று தெரிந்தவுடன், சிறுமியின் தட்டில் விழும் சோற்றின் அளவு மாறுகிறது. மகிழ்ச்சிக்குரியதா, வருத்தத்துக்குரியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதே ஆண்டில் மேற்கு வங்காளத்தைப் பற்றி வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதனோடு ஒத்துப்போகிறது. ஊராட்சித் தலைவர் பதவி இரண்டு தேர்தல்களில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் வைத்திருந்த எதிர்பார்ப்பின் இடைவெளி 25 சதவிகிதமும், வளரிளம் பருவத்தினரே தமக்கு வைத்திருந்த எதிர்பார்ப்பின் இடைவெளி 32 சதவிகிதமும் குறைந்தன. ஒரு முறை மட்டும் ஒதுக்கிய இடங்களில் இவ்வளவு மாற்றம் இல்லை. 73வது அரசியல் சட்டத் திருத்தத்தை 1993ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, தலைவியாக அமரும் பெண்ணைப் பற்றியே விவாதித்தோம். அலுவலகச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த சிறுமியைப் பற்றி எவரும் பேசவில்லை.

இனி, நேரம். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிடங்கள். குழந்தைகளையும் முதியோரையும் பராமரிப்பதில் பெண் 137, ஆண் 75. ஒரு குறிப்பு: இந்த 88 நிமிடம், வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களின் சராசரி மட்டுமே. கை வைக்காதோர் இக்கணக்கில் இல்லை, அவர்களே பெரும்பான்மையினர்.

இந்த நேரத்தை விடுவிக்கும் சாதனங்களுள் தலையாயது குழந்தைகள் காப்பகம். இது குறித்து நமது சட்டங்கள் நடந்துவந்த பாதை, சட்டம் எழுதுவோர்க்கு ஒரு பாடம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் பணிபுரியும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்றது. 1976ல் இந்த எண் முப்பது ஆக்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் பெண்களை மட்டும் எண்ணியதால், முப்பதோடு நிறுத்திக்கொண்டால் காப்பகச் செலவு மிச்சம் என்று முதலாளி கணக்குப் போட இடம் கிடைத்தது. குழந்தை என்பது பெண் தொழிலாளிக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் சட்டத்துக்குள் புகுந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு உதவித் திருத்தச் சட்டம் இதை மாற்றி, ஆண் பெண் இருபாலரையும் சேர்த்து ஐம்பது பேர் பணிபுரியும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இதையே மேற்கொண்டது. சிறிய மாற்றமாகத் தோன்றலாம். எண்ணும் முறை மாறினால் முதலாளியின் கணக்கு மாறிவிடுகிறது.

அதே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. தாய்க்கும் சேய்க்கும் மிக நன்று. ஆயினும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் சேராத நிறுவனங்களில் இச்செலவு முழுவதும் வேலை கொடுத்தவர் தலையில் விழுகிறது. பெண்ணை வேலைக்கு எடுத்தவருக்கு மட்டும் செலவு, எடுக்காதவருக்கு ஒன்றுமில்லை என்றால், நேர்காணல் அறையில் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஈட்டுறுதித் திட்டத்தில் இச்செலவு பொதுநிதியிலிருந்து வருகிறது. எல்லா முதலாளிகளும் எல்லாத் தொழிலாளர்களும் செலுத்திய சந்தா அது. இம்முறையை விரிவாக்குவதே சரியான வழி என்பது என் கருத்து.

நமது அலுவலகங்களும் விலக்கல்ல. மத்திய அரசின் பெண் ஊழியர்க்கு, ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி 2008ல் 730 நாள் குழந்தை வளர்ப்பு விடுப்பு வந்தது. பின்னர், துணைவியற்ற தனித் தந்தையர்க்கும் இது விரிவாக்கப்பட்டது. மனைவி இருக்கும் தந்தைக்கு இல்லை. பிள்ளையின் தேர்வு நேரத்தில் விடுப்பு எடுக்க வேண்டியவர் தாய்தான் என்று விதியே சொல்லிக்கொடுக்கிறது. முக்கியப் பொறுப்புகளை ஒதுக்கும்போது, "அந்த அம்மாள் விடுப்பில் போய்விடுவார்" என்று தலைமை அலுவலர் தயங்குவதற்கும் அதுவே காரணமாகிறது.

விதிகளைப் பற்றிப் பேசும்போது, மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. குடகுப் பகுதியைச் சேர்ந்த சி. பி. முத்தம்மா 1949ல் இந்திய வெளிநாட்டுப் பணியில் சேர்ந்தவர். அப்பணியில் தேர்வெழுதி நுழைந்த முதல் பெண்மணி. அப்பணியின் 1961ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, பெண் அலுவலர் திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்துமூலமான அனுமதி பெற வேண்டும். குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். மற்றொரு விதி, மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது. தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இவ்விதிகளைக் கடுமையாகச் சாடினார். குடும்பக் கவலை பெண் அலுவலரின் திறமையைக் குறைக்குமென்றால், ஆண் அலுவலரின் திறமையை ஏன் குறைக்காது என்பதே அவர் எழுப்பிய கேள்வியின் சாரம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1981ல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில், முதல் கருவுற்றதும் பணி நீக்கம் என்ற விதி செல்லாது என்று அதே நீதிமன்றம் கூறியது. ஆயினும், பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் கூடாது என்ற விதியை அது தொடவில்லை. முன்னேற்றம் எப்போதும் நேர்க்கோட்டில் வருவதில்லை.

பெண்கள் இரவில் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற 1948ஆம் ஆண்டுத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000ல் செல்லாதென்றது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பெண்ணின் சம்மதத்தோடும் பாதுகாப்பு ஏற்பாடுகளோடும் இரவுப் பணியை அனுமதித்தது. காகிதத்திலுள்ள சம்மதம் உண்மையான சம்மதம்தானா என்று பார்க்க வேண்டியது ஆய்வாளரின் கடமை.

விதிகளில் மிகப் பலரைத் தொடுவதும், மிகக் குறைவாகப் பேசப்படுவதும் ஒன்று உண்டு. கிராமத்தில் அரசின் முகமாக விளங்குவோர் அங்கன்வாடிப் பணியாளரும் ஆஷா பணியாளரும். அங்கன்வாடி 1975லும், ஆஷா 2005ல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கத்திலும் தோன்றின. இவர்கள் பெறுவது சம்பளம் அல்ல. மதிப்பூதியம், ஊக்கத்தொகை என்பவை. சேவை மனப்பான்மை என்ற சொல்லால் இத்தனை ஆண்டுகளும் இதைச் சமாளித்து வந்திருக்கிறோம். அங்கன்வாடிப் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊதியத்தை விடவும் எனக்கு உறுத்துவது படிக்கட்டு இல்லாமை. இருபத்தைந்து வயதில் ஆஷாவாகச் சேரும் பெண், ஊரின் ஒவ்வொரு கர்ப்பிணியையும் ஒவ்வொரு காசநோயாளியையும் அறிந்தவள், ஐம்பது வயதிலும் பெரும்பாலும் அதே நிலையில் இருக்கிறாள். செவிலியர் பயிற்சியில் அவளுக்கென இடங்களும், படிக்கும் காலத்தில் உதவித்தொகையும் தாராளமாக இருந்தால், துர்காபாய் அம்மையார் 1958ல் செய்ததை நாம் மீண்டும் செய்தவர்களாவோம்.

பயிற்சித் திட்டங்களைப் பற்றி முன்னர் குறிப்பிட்டேன். பெண்களுக்கான பயிற்சி என்றவுடன் நமது கோப்புகளில் தையல் இயந்திரம் வந்து நிற்கிறது. எனக்குத் தையலில் பகை இல்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பல லட்சம் பெண்களுக்குச் சம்பளம் தருகின்றன. ஆனால் ஒரே ஊரில் ஐம்பது பேருக்கு ரவிக்கை தைக்கக் கற்றுக்கொடுத்து இயந்திரமும் வழங்கினால், தைப்பதற்கு ரவிக்கை எங்கிருந்து வரும்? கூலிதான் இறங்கும். அதே ஊரில் கைப்பேசி பழுதுபார்க்கவோ, மின்மோட்டார் சுற்றவோ, பால் சேகரிப்பு நிலையத்தின் கணக்கைக் கணினியில் வைக்கவோ ஆள் தேவைப்பட்டிருக்கலாம். அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனை பேருக்குப் பயிற்சி என்பது அறிக்கையில் வருகிறது. எத்தனை பேர் அடுத்த ஆண்டு அதே வேலையில் இருந்தார்கள் என்ற பத்தி படிவத்தில் இருப்பது அரிது.

இங்கு கூடியுள்ள மாவட்ட அலுவலர்களிடம் ஒரு காரியத்தைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாவட்டத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய மாணவிகளின் பட்டியலை ஏதேனும் ஓர் அரசுப் பள்ளியிலிருந்து எடுங்கள். நூறு பெயர் போதும். அவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று அங்கன்வாடிப் பணியாளரையும் பள்ளி ஆசிரியையையும் கொண்டு விசாரியுங்கள். கல்லூரியில் எத்தனை பேர், வேலையில் எத்தனை பேர், வீட்டில் எத்தனை பேர். வீட்டில் இருப்போரிடம், எந்த வேலை, எவ்வளவு தூரத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்றால் போவீர்கள் என்று கேளுங்கள். விடைகளை ஊர் வரைபடத்தில் குறித்து, பேருந்துத் தடங்களையும் அங்கன்வாடி மூடும் நேரத்தையும் அதன்மீது வரையுங்கள். பெரும்பாலான அங்கன்வாடிகள் பிற்பகலில் மூடிவிடுகின்றன என்பதை நினைவிற் கொள்ளுங்கள். தொழிற்சாலைச் சங்கு மாலையில்தான் ஊதும். அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்களுக்குப் பால்னா என்ற திட்டத்தில் நிதி கோரலாம். எந்த அங்கன்வாடியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அந்த வரைபடமே விடை தரும்.

மாணவியர் பலர் துண்டுத்தாளில் கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். முதல் தாளில் இருப்பது, வெளியூர்ப் பணி நியமன ஆணை வந்தால் வீட்டில் எப்படிப் பேசுவது என்ற கேள்வி. ஆணையோடு, அவ்வூரிலுள்ள மகளிர் விடுதியின் முகவரியையும் மாதக் கட்டணத்தையும் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். மற்ற தாள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.